“கிருமி ஆண் பெண் பார்ப்பதில்லை” என்று பதில் அனுப்பிய குழுவினருக்கு

பெருந்தொற்றுத் தயார்நிலைத் திட்டத்தை எழுதிக்கொண்டிருக்கும் குழுவினருக்கு,

அடுத்த பெருந்தொற்று வந்தால் என்ன செய்வது என்று ஒரு வரைவு தயாரித்து, கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். கொரோனா காலத்தில் தொற்றுத் தடமறியும் பிரிவில் தொலைபேசியும் கையுமாக உட்கார்ந்திருந்த நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து நான்கு பக்கம் எழுதி அனுப்பினோம். ஆணும் பெண்ணும் ஒரு நோயை ஒரே மாதிரிப் புரிந்துகொள்வதில்லை, ஒரே மாதிரி நடந்துகொள்வதும் இல்லை, அதைத் திட்டத்தில் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் சாரம். நான்கு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு வரி பதில் வந்தது. “கிருமி ஆண் பெண் பார்ப்பதில்லை என்பதால் திட்டத்தில் அத்தகைய பிரிவு தேவைப்படவில்லை.”

படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. உங்களுக்கு மட்டும் இன்னொரு கடிதம் போட்டால் அதற்கும் ஒரு வரிதான் வரும் என்று தோன்றியதால், எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

முதலில் கிருமியைப் பற்றி. கிருமி ஆண் பெண் பார்த்தது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கொரோனா நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்து 2020 டிசம்பரில் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. தொற்றியது இரு பாலருக்கும் ஏறக்குறைய சம அளவில்தான். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் வாய்ப்பு ஆண்களுக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, இறக்கும் வாய்ப்பு சுமார் 1.4 மடங்கு என்று அதில் கண்டார்கள். நோய் எதிர்ப்பு தொடர்பான சில மரபணுக்கள், பெண்களுக்கு இரண்டும் ஆண்களுக்கு ஒன்றுமாக உள்ள எக்ஸ் குரோமோசோமில் இருப்பதும், ஹார்மோன்களின் வேறுபாடும், புகைப்பழக்கமும் இதய நோயும் ஆண்களிடம் கூடுதலாக இருப்பதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. தொற்று போன பிறகும் மாதக்கணக்கில் விடாத களைப்பு, மூச்சிரைப்பு, மறதி என்று வரும் நீள் கோவிட் பெண்களிடம்தான் அதிகம். இதெல்லாம் அச்சில் வந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. உங்கள் குழுவில் மருத்துவம் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது அந்த வரியை அடித்திருக்க வேண்டும்.

சரி, கிருமியை விடுங்கள். திட்டம் எழுதுவது மனிதர்களுக்காகத்தானே? அவர்கள் எப்போது பயப்படுகிறார்கள், எதைக் கேட்டு நம்புகிறார்கள், எந்தக் கட்டத்தில் கதவைத் திறந்து உதவி கேட்கிறார்கள் என்பதில்தான் ஒரு திட்டம் பிழைப்பதும் சாவதும் இருக்கிறது. அங்கே ஆணும் பெண்ணும் வேறு வேறு ஆட்கள்.

நான் பேசிய வீடுகள் ஆயிரக்கணக்கில். காதில் ஹெட்செட், எதிரே திரையில் ஒரு படிவம். படிவத்தின் முதல் கட்டம் “பதிலளிப்பவர்”. ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம். பதிவு செய்யப்பட்ட எண் பெரும்பாலும் வீட்டு ஆணுடையதாக இருந்ததால், எடுப்பதும் அவராகவே இருந்தார்.

“சார், காய்ச்சல் இருக்கா?”

“இல்லைம்மா.”

“இருமல்?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லை.”

பின்னால் ஒரு பெண் குரல். “மூணு நாளா ராத்திரி பூரா இருமறீங்களே, அதைச் சொல்லுங்க.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அது… லேசாத் தொண்டை கரகரப்பு. வேற ஒண்ணுமில்லை.”

அந்த லேசான கரகரப்பை எந்தக் கட்டத்தில் குறிப்பது? “பதிலளிப்பவர்” அறிகுறி இல்லை என்கிறார். அறிகுறி உண்டு என்று சொன்ன குரலுக்குப் படிவத்தில் இடமே கிடையாது. விதிப்படி நான் “இல்லை” என்றுதான் குறிக்க வேண்டும். “உண்டு” என்று குறித்துவிட்டு, மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கினேன். இரண்டு நாள் கழித்து அதே எண்ணுக்குப் போட்டபோது எடுத்தது அந்தப் பின்குரல். “மூச்சு விட முடியலைன்னு நேத்து ராத்திரி சேர்த்திருக்கோம்மா.” மூன்றாவது முறை அழைக்கும் வேலை எனக்கு வரவில்லை. பட்டியலில் அந்த எண் வேறு பத்திக்குப் போயிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு. தொலைபேசியில் ஆண் சொன்ன பதிலைப் பின்னால் இருந்து ஒரு குரல் திருத்தும்போதெல்லாம் பென்சிலால் ஒரு கோடு இழுப்பேன். பெயர், எண் எதுவும் எழுதியதில்லை, தேதியும் கோடுகளும் மட்டும்தான். இதை ஓர் ஆய்வு என்று உங்களிடம் சொல்லவரவில்லை. கோடே இல்லாத பக்கம் அந்த நோட்டில் இல்லை, அவ்வளவுதான்.

ஆய்வுதான் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய எட்டு நாடுகளில் 21,649 பேரிடம் கேள்வி கேட்டு, அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் அந்த ஆண்டே வெளியிட்டார்கள். இந்த நோய் மிகக் கடுமையான பிரச்சினை என்று மார்ச் மாதத்தில் சொன்ன பெண்கள் 59 சதவீதம், ஆண்கள் 48.7 சதவீதம். கட்டுப்பாடுகளை ஏற்பதிலும் கடைப்பிடிப்பதிலும் பெண்களே முன்னால். வயது, படிப்பு, வேலை என்று எதைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தாலும் அந்த வித்தியாசம் மறையவில்லை. ஆனால் அதே ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இன்னொன்று. ஒன்றாக வாழும் தம்பதிகளிடையேயும், நோயை நேரில் பார்த்தவர்களிடையேயும் அந்த இடைவெளி குறைவாக இருந்தது. அதாவது ஆணின் புரிதல் கல்லில் செதுக்கியது ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருப்பவர் எடுத்துச் சொன்னால், கண்ணால் கண்டால், அது மாறுகிறது. அப்படியானால் யாருக்கு யார் மூலம் செய்தி போகிறது என்பதைத் திட்டத்தில் யோசிக்காமல் எப்படி விட முடியும்?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் நான்கு பக்கத்தை நீங்கள் தவறாக எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆண்கள் பொறுப்பில்லாதவர்கள், பெண்கள் புத்திசாலிகள் என்று நாங்கள் எழுதவில்லை. அப்படி நான் நம்பவும் இல்லை. “எனக்கு ஒண்ணுமில்லை” என்று சொன்ன ஆண்கள் பயம் இல்லாமல் அப்படிச் சொன்னார்கள் என்று முதல் ஒரு மாதம் நானும் நினைத்தேன், அவர்கள் மேல் கோபம்கூட இருந்தது. பிறகு ஒருநாள், நடுத்தர வயதுக் குரல், காய்ச்சலோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியை அவரிடம் கேட்டுவிட்டேன். “சார், பதினாலு நாள் வேலைக்குப் போகலைன்னா வீட்டுல என்ன ஆகும்?” அவ்வளவு நேரம் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னவர் பேச ஆரம்பித்தார். வாடகை, கடன், மகளின் கட்டணம், நாள் கூலியாகப் போகும் வேலை, ஒருநாள் போகாவிட்டால் இன்னொருவனை வைத்துக்கொள்ளும் முதலாளி. பத்து நிமிடத்துக்குப் பிறகு அவராகவே சொன்னார். “நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கும்மா, வீட்டுல சொல்லலை.”

பயம் அவருக்கும் இருந்தது, அவர் மனைவிக்கு இருந்ததைவிடக் குறைவாக இல்லை. அவருக்கு நோயைவிட நோய் என்று ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்பது பெரிய பயம். மனைவிக்கு, யார் படுத்தாலும் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, கஞ்சி கொடுத்து, ராத்திரி விழித்திருக்கப்போவது தான்தான் என்று தெரியும். அதனால் அவள் முதல் இருமலிலேயே நோயைப் பார்த்துவிடுகிறாள். உலகத்தில் கூலியில்லாப் பராமரிப்பு வேலையில் முக்கால் பங்குக்கும் மேல் பெண்கள் செய்வது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் கணக்கிட்டது. நோயை யார் முதலில் கண்டுகொள்வார் என்பதற்கு இதைவிட வேறென்ன விளக்கம் வேண்டும்? வீட்டில் முதலில் புரிந்துகொள்பவரிடம் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. அதிகாரம் இருப்பவர் கடைசியில் புரிந்துகொள்கிறார், அவருக்குத்தான் நோயும் கடுமையாகிறது. உங்கள் வரைவு இந்த இருவரையும் சேர்த்து “குடும்பம்” என்று எழுதிவிட்டுப் போகிறது.

வரைவின் விழிப்புணர்வுப் பகுதியைப் படித்தேன். “மக்கள் அச்சமின்றி, விதிகளைக் கடைப்பிடித்து ஒத்துழைக்க வேண்டும்.” அந்த நாள்கூலிக்காரருக்கு இந்த வாக்கியம் எதைச் சொல்கிறது? அச்சமின்றி என்றால் வேலைக்குப் போ என்றுதான் அவர் காதில் விழும். ஆண்களுக்கான செய்தி வேலையிடத்திலிருந்து வர வேண்டும், விடுப்புக்கும் கூலிக்கும் உத்தரவாதத்தோடு வர வேண்டும். “தைரியமாக இருங்கள்” என்று ஓர் ஆணிடம் சொல்வது இந்த விஷயத்தில் ஆபத்தான அறிவுரை. அவர் ஏற்கெனவே அளவுக்கு மீறித் தைரியமாக இருக்கத்தான் பாடுபட்டுக்கொண்டிருக்கிறார்.

பெண்கள் பக்கம் எல்லாம் சரியாக நடந்தது என்றும் இல்லை. தடுப்பூசி வந்ததும் எங்கள் தொலைபேசியில் காற்று திசை மாறியது. அதுவரை மாஸ்க், கைகழுவல், விலகி இருத்தல் என்று எல்லாவற்றையும் வீட்டில் நடத்திக்காட்டியவர்கள் பெண்கள். தடுப்பூசி என்றதும் அவர்கள்தான் தயங்கினார்கள், ஆண்கள் “எப்ப போடுவீங்க, எங்க வரணும்” என்று கேட்டார்கள். இது என் மேசையில் மட்டும் நடந்ததில்லை. பல நாடுகளில் எடுத்த கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலும் ஆண்களிடம்தான் தடுப்பூசி போடும் எண்ணம் கூடுதலாகத் தெரிந்தது. கொரோனாவுக்கு முந்தைய தொற்றுகளைத் தொகுத்துப் பார்த்து 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்விலும் இதே கோலம். கைகழுவல், முகக்கவசம் போன்றவற்றில் பெண்கள் சுமார் 50 சதவீதம் முன்னால், தடுப்பூசி, மருந்து என்று வரும்போது ஆண்கள் சற்று முன்னால்.

ஏன் தயங்கினார்கள் என்று அவர்களைக் கேட்டால் தெரிந்திருக்கும். கேட்டவர்கள் யார்? கர்ப்பிணிகளை முதல்கட்டத் தடுப்பூசிச் சோதனைகளில் சேர்க்கவே இல்லை. அதனால் கர்ப்பமாக இருக்கும் ஒருத்தி “போடலாமா?” என்று கேட்டபோது என் கையில் இருந்த குறிப்பில் “உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்” என்று இருந்தது. “அவங்க உங்களைக் கேக்கச் சொன்னாங்க” என்பாள். ஒரே நாளில் மூன்று பேர் இப்படிச் சொன்னது நினைவிருக்கிறது. மூன்று பேருக்கும் நான் சொன்னது ஒன்றுமே இல்லாத ஒரு பதில்.

மாதவிடாய் பற்றிய கேள்வி இன்னும் மோசம். ஊசி போட்ட பிறகு தேதி தள்ளிப்போகிறது, அதிகமாகப் போகிறது என்று பெண்கள் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். சிலர் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் திரும்ப அழைத்துச் சொன்னார்கள். எங்களுக்குத் தரப்பட்ட பதில் “தடுப்பூசிக்கும் அதற்கும் தொடர்பில்லை”. தொடர்பில்லை என்று யார் பார்த்தார்கள்? சோதனைகளில் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. 2022 ஜனவரியில், ஏறக்குறைய 4,000 பேரின் சுழற்சியைப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று வந்தது. ஊசிக்குப் பிறகு சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாக நீண்டது என்று அதில் கண்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழுவும் எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளின் (பைசர், மாடர்னா போன்றவை) பக்கவிளைவுப் பட்டியலில் அதிக இரத்தப்போக்கைச் சேர்க்கச் சொன்னது. பயப்பட ஒன்றுமில்லாத சின்ன மாற்றம். “ஆமாம்மா, சிலருக்கு ஒரு நாள் முன்னே பின்னே ஆகலாம், தானாகச் சரியாகிவிடும்” என்று 2021-லேயே சொல்லியிருந்தால் அந்தப் பெண் தன் உடம்பையும் நம்பியிருப்பாள், ஊசியையும் நம்பியிருப்பாள். தொடர்பில்லை என்று அடித்துச் சொன்னோம். அவள் உடம்பு வேறு சொன்னது. அப்புறம் நாங்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் அவள் நம்பவில்லை, குழந்தை பிறக்காது என்று வந்த வதந்தியை நம்பினாள். அந்த வதந்திக்கு இடம் விட்டது நாம்தான், நானும் அதில் சேர்த்தி. இது ஆண்களுக்கும் பொருந்தும். எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்குப் பின் அரிதாக வந்த இதயத்தசை அழற்சி இளம் ஆண்களிடம்தான் கூடுதலாகத் தெரிந்தது. பால்வாரியாகப் பிரித்துப் பார்த்ததால்தான் அது கண்ணில் பட்டது.

இப்போது, வரைவில் “வீட்டுத் தனிமை” என்று வரும் மூன்று பத்திகள். தொற்றுள்ளவர் தனி அறையில் இருக்க வேண்டும், மற்றவர்கள் அவருக்கு உணவு, மருந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நானும் இதைத்தான் தொலைபேசியில் வாசித்தேன். ஆணுக்குத் தொற்று என்றால் “சரி மேடம், ரூம்ல இருக்கேன்” என்பார், முடிந்தது. பெண்ணுக்குத் தொற்று என்றால் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்பாள். “எனக்கு யாரும்மா கொண்டுவந்து கொடுப்பாங்க?” 38 டிகிரிக் காய்ச்சலோடு அடுப்படியில் நின்றுகொண்டு, பாத்திரச் சத்தம் கேட்க என்னோடு பேசிய பெண்களின் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. விதியை அவள் வேண்டுமென்றே மீறவில்லை. அவள் படுத்தால் அந்த வீட்டில் யார் எழுவார் என்று விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். அவளிடமிருந்து வீட்டில் எல்லோருக்கும் பரவியது, பிறகு எங்கள் அறிக்கையில் “குடும்பத் தொற்று” என்று ஏறியது.

அப்புறம் ஒரு பெண். நான் என்ன கேட்டாலும் “சரிங்க” என்றாள். காய்ச்சல் இருக்கிறதா, சரிங்க. எத்தனை பேர் இருக்கிறீர்கள், சரிங்க. பாதுகாப்பாக இருக்கிறீர்களா, அதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஓர் ஆணின் குரல் “யாரு?” என்று கேட்டது, “ராங் நம்பர்” என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். ஊரடங்கில் வீட்டு வன்முறை கூடுவதை ஐ.நா. பெண்கள் அமைப்பு 2020 ஏப்ரலிலேயே ‘நிழல் பெருந்தொற்று’ என்று பெயர் சொல்லி எச்சரித்தது. எனக்கு அது தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என்ன செய்வது என்று என் குறிப்பில் ஒரு வரி இல்லை, யாரிடம் சொல்வது என்று ஓர் எண் இல்லை. திரும்ப அழைத்தால் அவளுக்கு ஆபத்து, அழைக்காவிட்டாலும் ஆபத்து. நான் அழைக்கவில்லை. செய்தது சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை. உங்கள் புதிய வரைவிலும் அந்த வரி இல்லை.

ஆண் பெண் என்று பிரித்தாலே போதும் என்று நினைத்து அவசரமாக ஏதாவது செய்துவிடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் பனாமாவும் பெருவும் ஆண்கள் வெளியே வர ஒரு நாள், பெண்கள் வர ஒரு நாள் என்று முறை வைத்தன. பெருவில் பெண்களின் நாட்களில் சந்தைகள் நிரம்பி வழிந்தன, ஏனென்றால் வீட்டுக்கு வேண்டியதை வாங்குவது அவர்கள் வேலையாகவே இருந்தது. சுமார் ஒரு வாரத்திலேயே அந்த விதியைக் கைவிட்டார்கள். பனாமாவில் திருநங்கைகள் எந்த நாளில் வெளியே வந்தாலும் மறிக்கப்பட்டார்கள். கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடிய ஜிகா வைரஸ் 2016-இல் பரவியபோது எல் சால்வடோர் அரசு 2018 வரை கர்ப்பமாக வேண்டாம் என்று பெண்களைக் கேட்டுக்கொண்டது. கர்ப்பம் ஒருத்தி மட்டும் முடிவு செய்வதா? அந்த வைரஸ் உடலுறவு மூலம் ஆணிடமிருந்தும் பரவக்கூடியது வேறு. இரண்டிலும் ஆண் பெண் வேறுபாட்டைக் காகிதத்தில் எழுதினார்கள், அந்த வேறுபாட்டோடு வாழ்பவர்களைக் கேட்கவில்லை.

கேட்காததற்கு ஒரு காரணம், மேசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது. 87 நாடுகளின் 115 கொரோனா பணிக்குழுக்களைப் பார்த்து 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. அவற்றில் 85 சதவீதத்துக்கும் மேல் ஆண்களே பெரும்பான்மை, ஆணும் பெண்ணும் சமமாக இருந்தவை 3.5 சதவீதம். உலகச் சுகாதாரப் பணியாளர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பெண்கள். எங்கள் அறையிலும் தொலைபேசியில் பேசியவர்களில் பெரும்பாலோர் பெண்கள், படிவத்தை வடிவமைத்தவர்களில் ஒரு பெண்கூட இல்லை. உங்கள் வரைவின் கடைசிப் பக்கத்தில் உள்ள பெயர்களையும் எண்ணிப் பார்த்தேன், அங்கும் அதே கதைதான். வார்டில் வேலை பார்த்த என் தோழி ஒரு பெரிய முகக்கவசத்தின் இரண்டு ஓரத்தையும் கன்னத்தில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிக்கொண்டுதான் பன்னிரண்டு மணி நேரம் நின்றாள். வந்தது ஒரே அளவு, அது அவள் முகத்துக்குப் பெரிது. கழற்றும்போது தோலும் சேர்ந்து வந்தது. வாங்குவோர் குழுவில் அந்த முகக்கவசத்தைப் போட்டுக்கொள்ளப்போகும் ஒரு பெண் இருந்திருந்தால் அளவைக் கேட்டிருப்பாள்.

உலகம் முழுக்க இந்தத் திட்டங்கள் மாறிக்கொண்டிருக்கும் நேரம் இது. 2025 மே 20 அன்று உலக சுகாதாரப் பேரவை பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றது. நீங்களும் அதனால்தான் அவசரப்படுகிறீர்கள் என்று புரிகிறது. இப்போது எழுதுவதுதான் அடுத்த முறை ஒருத்தி கையில் இருக்கும் படிவமாகப் போகிறது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

எனவே எங்கள் கோரிக்கைகளை மறுபடி வைக்கிறேன். இந்த முறை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். முதலாவது, அந்த ஒரு வரியைத் திரும்பப் பெறுங்கள், அது உண்மையில்லை. பரிசோதனை, தொற்று, மருத்துவமனைச் சேர்க்கை, தீவிர சிகிச்சை, இறப்பு, தடுப்பூசி, பக்கவிளைவு எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே பால், வயது வாரியாகப் பிரித்துப் பதிவு செய்து அதே வடிவில் வெளியிட வேண்டும் என்று திட்டத்தில் எழுதுங்கள்.

தடமறியும் படிவத்தில் “பதிலளிப்பவர்” கட்டத்தை இரண்டாக்குங்கள். ஒரு வீட்டில் குறைந்தது இரண்டு பெரியவர்களிடம், முடிந்தால் தனித்தனியாக, கேட்க வேண்டும். இருவர் சொல்வதும் முரண்பட்டால் அறிகுறி உண்டு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வேலைக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி படிவத்தில் இருக்க வேண்டும், “சமாளிக்க முடியாது” என்ற பதில் வந்தால் அந்தத் தகவல் நிவாரணம் தருபவருக்கு அன்றைக்கே போக வேண்டும். தனிமை நாட்களுக்குக் கூலியோடு விடுப்பு என்பது திட்டத்தில் இல்லாவிட்டால் ஆண்களுக்கான உங்கள் விளம்பரங்களுக்குச் செலவழிக்கும் பணம் வீண். “ஆம்”, “இல்லை” என்று மட்டும் பதில் சொல்லி ஒரு பெண் ஆபத்தைத் தெரிவிக்கும்படி கேள்விகளை அமைத்து, அதற்கு மேல் யார் என்ன செய்ய வேண்டும் என்று அழைப்பவர் கையில் எழுதிக் கொடுங்கள். பெண்ணுக்குத் தொற்று வந்தால் அந்த வீட்டுக்குச் சமைத்த உணவும், குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ள ஆளும் ஏற்பாடு செய்யும் பொறுப்பு ஒரு குறிப்பிட்ட அலுவலரிடம் இருக்க வேண்டும்.

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்களுக்கான பாதுகாப்புத் தரவைத் தொடக்கத்திலிருந்தே திரட்டும் சோதனைகளையும், மாதவிடாய் பற்றிய கேள்வியைச் சேர்த்த சோதனைகளையும் வற்புறுத்துங்கள். பாதுகாப்பு உடைகளையும் முகக்கவசங்களையும் பல அளவுகளில் வாங்கி, போட்டுப் பார்த்துப் பொருந்திய பிறகே பணிக்கு அனுப்புங்கள். குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அவர்களில் தொலைபேசியிலும் வார்டிலும் வேலை பார்த்தவர்கள் இருக்க வேண்டும், வாக்களிக்கும் உரிமையோடு.

அடுத்த வரைவை வெளியிடும் முன், எங்கள் ஐவரையும் ஒருநாள் அழைத்து உட்காரவைத்துக் கேளுங்கள். அந்தப் பென்சில் நோட்டையும் எடுத்து வருகிறேன். தேதி சொன்னால் போதும்.

இப்படிக்கு,
தொற்றுத் தடமறியும் பிரிவில் பணிபுரிந்த ஒருத்தி